வயலுக்கு அடிக்கிற மருந்தும் பிள்ளைகளின் மூளையும்: நெல்லைப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் கிராம சுகாதார நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். எங்கள் வீட்டிலும் வாழை உண்டு, நெல் உண்டு, மருந்தும் அடித்திருக்கிறோம். பிசானப் பருவ நெல் நடவு முடிந்து பயிர் பச்சை கட்டுகிற சமயம் வந்துவிட்டால் சேரன்மகாதேவியில் இருந்து அம்பாசமுத்திரம் வரை வாய்க்கால் கரையெல்லாம் மருந்து வாடைதான். அந்த நாட்களில் தாய்மார்கள் என்னிடம் கேட்கிற கேள்விகளையும், கேட்கத் தயங்குகிற சிலவற்றையும் இங்கே எழுதியிருக்கிறேன். விவசாயியைக் குற்றம் சொல்லுகிற எண்ணம் துளியும் கிடையாது. மருந்தால் முதலில் பாதிக்கப்படுகிறவர்களே அவரும் அவர் வீட்டுப் பிள்ளைகளும்தான்.

மருந்தைக் குடித்தால்தானே ஆபத்து? வாடை பட்டால், கையில் பட்டால் பிள்ளைக்கு என்ன ஆகிவிடும்?

நம்ம ஊரில் பூச்சி மருந்து என்றதும் மனசில் வருவது, யாராவது குடித்துவிட்டு 108-ல் ஏற்றி பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடுகிற காட்சிதான். அதனால் வாந்தி, மயக்கம் வரவில்லை என்றால் ஒன்றும் ஆகவில்லை என்று இருந்துவிடுகிறோம். வயிற்றில் இருக்கிற சிசுவுக்கும் தவழுகிற பிள்ளைக்கும் இந்தக் கணக்கு பொருந்தாது. ஒரு அறிகுறியும் காட்டாத அளவு மருந்து உடம்பில் சேர்ந்துகொண்டே இருந்தால்கூட, பிற்பாடு அந்தப் பிள்ளையின் ஞாபகசக்தி, கவனம், புத்திக்கூர்மை, நடத்தை இவற்றில் வித்தியாசம் தெரிகிறது என்று இருபத்தைந்து வருஷத்துக்கும் மேலாக ஆராய்ச்சிகள் சொல்லிக்கொண்டு வருகின்றன. ஆஸ்பத்திரிக்குப் போகாத பாதிப்பு என்று ஒன்று உண்டு, அதைத்தான் நாம் யோசிப்பதே இல்லை.

மூளைக்குள்ளே போய் அப்படி என்ன செய்கிறது?

நம்ம பக்கம் அதிகம் புழங்குகிற, புழங்கிவந்த குளோர்பைரிபாஸ், புரோபனோபாஸ், குயினால்பாஸ், டைமெத்தோயேட், அசிபேட், மோனோகுரோட்டோபாஸ் எல்லாம் ஆர்கனோபாஸ்பேட் என்கிற ஒரே குடும்பம். பூச்சியின் நரம்பைத் தாக்கிக் கொல்லத்தான் இவை செய்யப்பட்டவை. நம் நரம்பும் கிட்டத்தட்ட அதே முறையில்தான் வேலை செய்கிறது, சிக்கலே அங்கேதான்.

ஒரு நரம்பு அடுத்ததற்குச் சேதி சொல்ல அசிட்டைல்கோலின் என்ற பொருளை விடும். சேதி போய்ச் சேர்ந்ததும் ஒரு நொதி வந்து அதை உடைத்துவிடும். வயலுக்கு மடை திறந்து தண்ணீர் விட்டு, போதும் என்றதும் ஒரு வெட்டு மண்ணைப் போட்டு அடைக்கிறோம் இல்லையா, அந்த அடைக்கிற ஆள்தான் இந்த நொதி. மருந்து அந்த ஆளின் கையைக் கட்டிப்போட்டுவிடுகிறது. அளவு அதிகமானால் வாயில் நுரை, தசைத் துடிப்பு, மூச்சுத் திணறல், சாவு. அளவு கொஞ்சம் என்றால் வெளியே ஒன்றும் தெரியாது. ஆனால் வளருகிற மூளையில் இந்த அசிட்டைல்கோலினுக்கு இன்னொரு வேலையும் இருக்கிறது: எந்த நரம்பு எங்கே போய் எதனோடு இணைய வேண்டும் என்று வழிகாட்டுவதில் அதற்குப் பங்கு உண்டு. கட்டுமானம் நடக்கிறபோது அதில் குழப்பம் வந்தால் பிற்பாடு பிரித்துக் கட்ட முடியாது. நொதியைத் தடுக்காத அளவு குறைந்த மருந்திலும், வேறு வழிகளில் மூளை வளர்ச்சி பாதிக்கப்படுவதை விலங்குகளில் பார்த்திருக்கிறார்கள்.

வாழைக்கு வைக்கிற கார்போபியூரான் குருணை வேறு குடும்பம்தான், ஆனால் அது பிடிப்பதும் இதே நொதியைத்தான்.

நாங்களும் இந்த வாடையில்தானே வளர்ந்தோம்? பிள்ளைகளுக்கு மட்டும் ஏன் இவ்வளவு பயப்பட வேண்டும்?

எடைக்கு எடை பார்த்தால் பிள்ளை நம்மைவிட அதிகம் மூச்சு இழுக்கிறது, அதிகம் தண்ணீர் குடிக்கிறது, அதிகம் சாப்பிடுகிறது. தரையில்தான் அதன் பிழைப்பே. கிடைத்ததை எல்லாம் வாயில் வைக்கும். தோலின் பரப்பும் உடம்பு எடையோடு ஒப்பிட்டால் அதிகம். அப்புறம், இந்த மருந்துகளை உடைத்து வெளியேற்ற ரத்தத்தில் பாராக்சோனேஸ் என்று ஒரு நொதி உண்டு, பிறந்த குழந்தைக்கு அது பெரியவர்களுக்கு இருப்பதைவிட வெகு குறைவு, முழு அளவுக்கு வர வருஷங்கள் ஆகும். சில பேருக்குப் பிறவியிலேயே அது குறைவாக இருக்கும், அதனால் ஒரே தெருவில் ஒரு பிள்ளைக்கு ஒன்றும் ஆகாமல் இன்னொரு பிள்ளைக்கு ஆகலாம்.

நாம் வளர்ந்த காலத்தில் நமக்கு என்ன நஷ்டம் ஆனது என்று யாரும் அளந்து பார்க்கவில்லை. ஒன்றும் ஆகவில்லை என்று நாமாகச் சொல்லிக்கொள்கிறோம், அவ்வளவுதான்.

இதையெல்லாம் யார், எங்கே கண்டுபிடித்தார்கள்? வெறும் பயமுறுத்தலா?

நியாயமான கேள்வி, விவரமாகவே சொல்கிறேன்.

மெக்சிகோவில் யாக்கி பள்ளத்தாக்கு என்று ஒரு விவசாயப் பகுதி. பள்ளத்தாக்கில் இருந்தவர்கள் 1940-களின் கடைசியில் இருந்து மருந்தடித்து விவசாயம் பார்த்தார்கள். பக்கத்து மலையடிவாரத்தில் இருந்தவர்கள் ஆடு மாடு மேய்த்து, மருந்து அவ்வளவாக இல்லாமல் வாழ்ந்தார்கள். இரண்டு பக்கமும் ஒரே வகை ஜனம், ஒரே சாப்பாடு. எலிசபெத் கில்லெட் என்ற மானிடவியலாளர் இரண்டு பக்கத்திலும் நாலு, ஐந்து வயதுப் பிள்ளைகளைக் கூட்டி விளையாட்டு மாதிரி சில பரீட்சை வைத்தார். குதிக்கச் சொன்னார், பந்து பிடிக்கச் சொன்னார், ஒரு பரிசு தருகிறேன் என்று சொல்லிவிட்டு அரைமணி கழித்து என்ன சொன்னேன் என்று கேட்டார், ஒரு ஆளை வரையச் சொன்னார். அடிவாரத்துப் பிள்ளைகள் தலை, கை, கால், கண் எல்லாம் வைத்து ஒரு ஆளை வரைந்தன. பள்ளத்தாக்குப் பிள்ளைகள் பலர் வரைந்தது வெறும் கிறுக்கல். உயரமும் எடையும் இரண்டு பக்கமும் ஒன்றுபோல்தான் இருந்தது, அதனால் பார்க்கிறவர்களுக்கு ஒன்றும் வித்தியாசம் தெரிந்திருக்காது. பள்ளத்தாக்கில் சில பிள்ளைகள் கூடப் பிறந்ததைக் காரணமில்லாமல் அடிப்பதையும், தாய் லேசாகக் கண்டித்தாலே கோபப்படுவதையும் அவர் குறித்து வைத்தார். 1998-ல் வெளிவந்தது. இது ஐம்பது பிள்ளைகளை வைத்துச் செய்த சின்ன ஆய்வு, அதை மட்டும் வைத்து முடிவு கட்டக் கூடாதுதான்.

அதற்கப்புறம் வந்தவை பெரியவை. கலிபோர்னியாவில் சாலினாஸ் பள்ளத்தாக்கு என்று காய்கறி விளைகிற இடம், கூலி வேலைக்கு வந்த மெக்சிகோ குடும்பங்கள் அதிகம். பெர்க்லி பல்கலைக்கழகத்தில் பிரெண்டா எஸ்கெனாசி என்பவர் தலைமையில் அங்கே கர்ப்பிணிகளைச் சேர்த்து, சிறுநீரில் மருந்தின் கழிவை அளந்து, பிறந்த பிள்ளைகளை வருஷக்கணக்கில் பின்தொடர்ந்தார்கள். 2011-ல் வந்த முடிவு: கர்ப்பத்தில் மிக அதிகம் மருந்து பட்ட தாய்மாரின் பிள்ளைகளுக்கு, மிகக் குறைவாகப் பட்டவர்களின் பிள்ளைகளைவிட ஏழு வயதில் புத்திக்கூர்மை சராசரி 7 புள்ளி குறைவு. பிறந்த பிறகு பிள்ளையின் சிறுநீரில் இருந்த அளவோடு அப்படி ஒரு தெளிவான தொடர்பு தெரியவில்லை, வயிற்றில் இருந்தபோது பட்டதுதான் கணக்கில் வந்தது. இதை நான் எல்லாக் கர்ப்பிணிகளிடமும் சொல்லுவேன்.

நியூயார்க்கில் வயலே கிடையாது, ஆனால் வீட்டுக்குள் கரப்பானுக்கு குளோர்பைரிபாஸ் அடித்துக்கொண்டிருந்தார்கள். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் வர்ஜீனியா ராவ் குழு தொப்புள்கொடி ரத்தத்தில் அந்த மருந்தை அளந்தது. அதிகம் இருந்த பிள்ளைகளுக்கு மூன்று வயதில் கவனக்குறைவு அதிகம், ஏழு வயதில் செயல்படு நினைவாற்றல், அதாவது கேட்டதை மனசில் வைத்துக்கொண்டே வேலை செய்கிற திறன், குறைவு. 2012-ல் 40 பிள்ளைகளுக்கு மூளை ஸ்கேன் எடுத்துப் பார்த்தபோது மூளையின் சில பகுதிகளின் வடிவமே மாறியிருந்தது. அந்தத் தாய்மாரில் யாரும் விஷம் ஏறி ஆஸ்பத்திரியில் படுத்தவர்கள் இல்லை.

நம்ம நாட்டில் யாராவது பார்த்திருக்கிறார்களா?

பக்கத்துக் கேரளத்தில் காசர்கோடு. முந்திரித் தோட்டங்களுக்கு 1970-களின் பிற்பாதியில் இருந்து 2000 வரை ஹெலிகாப்டரில் எண்டோசல்பான் தெளித்தார்கள். கீழே வீடு, கிணறு, பள்ளிக்கூடம் எல்லாம் இருந்தது. அகமதாபாத்தில் உள்ள தேசிய தொழில்சார் சுகாதார நிறுவனம் வந்து பார்த்தபோது, அங்குள்ள பிள்ளைகளுக்கு நரம்பு, நடத்தை சம்பந்தமான கோளாறுகள் மற்ற ஊர்ப் பிள்ளைகளைவிட அதிகம் என்று தெரிந்தது. 2011 மே மாதம் உச்ச நீதிமன்றம் நாடு முழுக்க அதைத் தடை செய்தது. எண்டோசல்பான் வேறு குடும்பம், வெகுநாள் மண்ணில் தங்கக்கூடியது. ஆனாலும் மேலே இருந்து தெளிக்கிற மருந்து தோட்டத்தோடு நிற்பதில்லை என்பதற்கு அதைவிடப் பெரிய சாட்சி வேண்டாம்.

எனக்கு இப்போ மூணு மாசம். களை எடுக்கப் போகலாமா அக்கா?

மருந்தடித்த வயலுக்கு வேண்டாம் தாயீ. கூலி போகுமே என்ற கவலை எனக்குத் தெரியும், அதனால் வேலையே வேண்டாம் என்று சொல்லவில்லை. வேலைக்குக் கூப்பிடுகிற ஆளிடம் "மருந்து என்றைக்கு அடித்தீர்கள்" என்று முதலில் கேளுங்கள். அடித்த ஈரம் காயாத வயலுக்குள் யாரும் இறங்கக் கூடாது, கர்ப்பிணி என்றால் இன்னும் பல நாள் தள்ளித்தான் போக வேண்டும், எத்தனை நாள் என்று மருந்துக்கு மருந்து வேறுபடும், லேபிளில் பார்க்கலாம். மருந்து கலக்குவது, டேங்க் கழுவுவது, மருந்தடித்த துணி துவைப்பது இந்த மூன்றும் கர்ப்பிணிக்கு ஆகவே ஆகாது. பிறக்கும் முன்னும் பிறந்து முதல் இரண்டு வருஷமும்தான் மூளை வேகமாக வளருகிற காலம். மாமியார், மைனி யாராவது அந்த வேலையை வாங்கிக்கொள்ள வேண்டும், இல்லை மருந்தடித்த ஆளே தன் துணியைத் துவைத்துக்கொள்ளட்டும். இதை வீட்டு ஆண்களிடம் நான் நேராகவே சொல்லுவேன், யாரும் கோபித்ததில்லை.

தாய்ப்பாலில் மருந்து வருமே, நிறுத்திவிடலாமா?

நிறுத்தாதீர்கள். தாய்ப்பாலால் மூளைக்கும் உடம்புக்கும் வருகிற நன்மை மிகப் பெரியது. நிறுத்த வேண்டியது மருந்து உடம்பில் படுவதை.

என் மகன் ஒரு இடத்தில் இருக்க மாட்டேன்கிறான், படிப்பும் ஏறவில்லை. மருந்தால்தானா?

ஒரு தனிப்பட்ட பிள்ளையைக் காட்டி, இது மருந்தால் வந்தது என்று எந்த டாக்டராலும் சொல்ல முடியாது. அமெரிக்காவில் 8 முதல் 15 வயது வரை 1,139 பிள்ளைகளைப் பார்த்து 2010-ல் வந்த ஒரு ஆய்வில், சிறுநீரில் ஆர்கனோபாஸ்பேட் கழிவு அதிகம் இருந்தவர்களுக்குக் கவனக்குறைவும் அதீதத் துறுதுறுப்பும் சேர்ந்த கோளாறு இருக்கிற வாய்ப்பு அதிகம் என்று தெரிந்தது. கலிபோர்னியாவில் 2014-ல் வந்த இன்னொன்றில், கர்ப்ப காலத்தில் இந்த மருந்து அடித்த வயலுக்குக் கிட்டத்தட்ட ஒன்றரை கிலோமீட்டருக்குள் குடியிருந்த தாய்மாரின் பிள்ளைகளுக்கு ஆட்டிசம் வாய்ப்பு 60 சதவீதம் கூடுதல் என்றார்கள். இவை தொடர்பைக் காட்டுகின்றன, இன்னின்ன பிள்ளைக்கு இன்ன காரணம் என்று காட்டவில்லை.

அதனால் முதலில் சாதாரணக் காரணங்களைப் பாருங்கள். ரத்தசோகை நம்ம ஊரில் ஏராளம், அது ஒன்றே பிள்ளையை மந்தமாக்கும். காது சரியாகக் கேட்கிறதா, கண் தெரிகிறதா, தைராய்டு எப்படி, ராத்திரி தூங்குகிறானா, கையில் செல்போன் எத்தனை மணி நேரம் இருக்கிறது. அங்கன்வாடிக்கும் பள்ளிக்கூடத்துக்கும் பிள்ளைகளைப் பரிசோதிக்க வருகிற அரசு மருத்துவக் குழுவிடம் காட்டுங்கள், அவர்கள் தேவைப்பட்டால் மாவட்டத்தில் உள்ள ஆரம்பநிலை இடையீட்டு மையத்துக்கு எழுதித் தருவார்கள், பேச்சுப் பயிற்சி, நடத்தைப் பயிற்சி எல்லாம் அங்கே செலவில்லாமல் உண்டு. எவ்வளவு சின்ன வயசில் தொடங்குகிறோமோ அவ்வளவு பலன். அடிக்காதீர்கள், "மக்குப்பய" என்று பேர் வைக்காதீர்கள். காரணம் எதுவாக இருந்தாலும் அவன் வேண்டுமென்று செய்யவில்லை.

ரத்தம் டெஸ்ட் பண்ணினால் தெரியுமா?

கோலினெஸ்டரேஸ் என்று ஒரு ரத்தப் பரிசோதனை உண்டு. கண் முன்னால் விஷம் ஏறியிருக்கும்போது அது உதவும். மூன்று வருஷத்துக்கு முன்னால், வயிற்றில் இருந்தபோது என்ன பட்டது என்று அது சொல்லாது. இந்த மருந்துகள் உடம்பில் நாள்கணக்கில்தான் தங்கும், சிறுநீரில் கழிந்துவிடும். உடம்பில் இருந்து நஞ்சை எடுக்கிறேன் என்று யாராவது பவுடரோ லேகியமோ விற்றால் வாங்காதீர்கள்.

வீட்டுக்காரர் மருந்தடித்துவிட்டு வருகிறார். வீட்டில் என்ன செய்ய வேண்டும்?

இதுதான் முக்கியமான கேள்வி, நம் கையில் இருக்கிற விஷயமும் இதுதான்.

ஒரு வீட்டில் நான் பார்த்ததைச் சொல்கிறேன். ஆள் காலையிலேயே டேங்கை முதுகில் மாட்டிப் போனவர், மூடியில் இருந்து கசிந்து முதுகுச் சட்டை முழுக்க நனைந்திருக்கிறது. வீட்டுக்கு வந்ததும் சட்டையைக் கழற்றித் திண்ணைக் கொடியில் போட்டுவிட்டு முகம் கழுவப் போனார். அதே கொடியில் ஒரு கை தள்ளிப் பிள்ளையின் தொட்டில் சேலை காய்ந்துகொண்டிருந்தது. கொடிக்குக் கீழே பிள்ளை உட்கார்ந்து சட்டையில் இருந்து சொட்டின ஈரத்தில் விரலை வைத்து வைத்து எடுத்துக்கொண்டிருந்தது. அந்த வீட்டில் பிள்ளை மேல் பிரியம் இல்லாதவர்கள் யாரும் இல்லை, தெரியவில்லை அவ்வளவுதான்.

மருந்து வீட்டுக்குள் வருகிற பெரிய வழி இந்தச் சட்டைதான். அமெரிக்காவில் பண்ணைத் தொழிலாளர் வீடுகளில் தூசியை அள்ளிப் பார்த்தபோது வயல் மருந்து வீட்டுத் தரையில் இருந்தது. வெயிலும் மழையும் படாததால் வெளியே இருப்பதைவிட வீட்டுக்குள் அது வெகுநாள் கிடக்கும். அதனால் மருந்தடிக்க என்று ஒரு முழுக்கைச் சட்டை, ஒரு பேன்ட் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். பம்புசெட்டிலேயே கழற்றி, அங்கேயே சோப்புப் போட்டுக் குளித்து, வேறு துணி மாற்றித்தான் வீட்டுக்கு வர வேண்டும். தலைமுடி, நகக்கண் விட்டுப்போகக் கூடாது. செருப்பு வாசலுக்கு வெளியே. "அப்பா" என்று ஓடி வருகிற பிள்ளையைக் குளித்தபிறகு தூக்குங்கள். துணியைக் கை உறை போட்டு, மற்ற துணியோடு சேர்க்காமல், சோப்புத் தண்ணீரில் தனியாக அலசி, தனிக் கொடியில் வெயிலில் போடுங்கள். வாய்க்காலில் அலச வேண்டாம், கீழ்ப்படித்துறையில் பிள்ளைகள் குளித்துக்கொண்டிருக்கும்.

டேங்க் கழுவுகிற தண்ணீரையும் வாய்க்காலில் விடாதீர்கள், அடித்த வயலிலேயே தெளித்துவிடலாம். நம்ம கால்வாய்த் தண்ணீர் கடைசியில் தாமிரபரணிக்குத்தான் போகிறது, கீழே அதைக் குடிக்கிறவர்கள் இருக்கிறார்கள். மருந்து கலக்க அடுக்களைக் குவளையும் கரண்டியும் எடுத்துப் போகிற பழக்கத்தையும் விட்டுவிடுங்கள், அளவுக்கு ஒரு மூடி, கலக்க ஒரு கம்பு, அது தோட்டத்திலேயே கிடக்கட்டும். வரப்பை விட்டு வீட்டுக்கு வரக் கூடாது.

காலி டப்பாவில் எண்ணெய், தண்ணீர் வைக்கலாமா? நன்றாகக் கழுவிவிட்டால்?

கூடாது. 2013 ஜூலையில் பீகாரில் சரண் மாவட்டத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் மதிய உணவு சாப்பிட்ட 23 பிள்ளைகள் செத்துப்போயின, சமையல் எண்ணெயில் மோனோகுரோட்டோபாஸ் கலந்திருந்தது, எண்ணெயை மருந்து டப்பாவில் வைத்திருந்ததாகச் சொன்னார்கள். மருந்து டப்பாவை மூன்று தடவை அலசி, அந்தத் தண்ணீரை டேங்கிலேயே ஊற்றி, டப்பாவை யாரும் திரும்ப எடுக்க முடியாதபடி ஓட்டை போட்டுவிடுங்கள். மிச்ச மருந்தைக் குளிர்பான பாட்டிலில் ஊற்றி வைக்கிற வழக்கம் அதைவிட மோசம். பிள்ளைக்கு அது குளிர்பானமாகத்தான் தெரியும்.

மஞ்சள் முக்கோணம், நீல முக்கோணம் போட்ட மருந்து பரவாயில்லையா?

அந்த நிறம் எதைச் சொல்கிறது என்று தெரிந்துகொண்டால் இந்தக் கேள்வியே வராது. ஆய்வுக்கூட எலிகளில் பாதி சாவதற்கு எவ்வளவு மருந்து வேண்டும் என்று பார்த்துப் போடுகிற நிறம் அது. சிவப்பு மிகக் கொடியது, அடுத்து மஞ்சள், நீலம், பச்சை. பிள்ளையின் படிப்பு, கவனம், நடத்தை எதையும் அந்த முக்கோணம் அளப்பதில்லை. மேலே சொன்ன ஆராய்ச்சிகளில் திரும்பத் திரும்ப வருகிற குளோர்பைரிபாஸுக்கு நம்ம கடையில் இருப்பது மஞ்சள் முக்கோணம்தான்.

அப்படியானால் அரசாங்கம் ஏன் தடை செய்யவில்லை?

சிலவற்றைச் செய்திருக்கிறது. போரேட், டிரையசோபாஸ், டைக்குளோர்வாஸ் எல்லாம் 2020 டிசம்பர் 31-ஓடு முடிந்தது. பழைய போரேட் குருணை வீட்டில் கிடந்தால் எடுத்து உபயோகிக்காதீர்கள். மோனோகுரோட்டோபாஸைக் காய்கறிக்கு அடிக்கக் கூடாது என்று 2005-லேயே சொல்லியாகிவிட்டது, 2023-ல் அதன் 36 சதவீதத் திரவத்தையே மத்திய அரசு தடை செய்துவிட்டது. 2023 பிறக்கிற நேரத்தில் தற்கொலைகளைக் குறைக்க என்று தமிழ்நாடு அரசு ஆறு மருந்துகளை 60 நாளுக்கு நிறுத்தியது, அதில் குளோர்பைரிபாஸும் உண்டு. நிரந்தரத் தடை மத்திய அரசு கையில் இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2020-ல் குளோர்பைரிபாஸை நிறுத்திவிட்டது. வெகுநாள் அழியாத நச்சுப் பொருட்களை ஒழிக்க உலக நாடுகள் சேர்ந்து போட்ட ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையிலும் 2025-ல் அதை ஒழிக்க வேண்டிய பட்டியலில், சில விதிவிலக்குகளோடு, சேர்த்தார்கள். அவர்கள் பிள்ளைக்கு ஆகாதது நம்ம பிள்ளைக்கு மட்டும் எப்படி ஆகும்? இதை நாம் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

காய்கறியைக் கழுவினால் மருந்து போய்விடுமா?

மேலே ஒட்டியிருப்பது பெருமளவு போகும். ஓடுகிற தண்ணீரில் தேய்த்துக் கழுவுங்கள், தோல் சீவக்கூடியதைச் சீவுங்கள், கறிவேப்பிலை, கொத்தமல்லியை இரண்டு மூன்று தண்ணீரில் அலசுங்கள், வாழை இலையையும் நன்றாகக் கழுவிப் பிறகு சோறு போடுங்கள். செடிக்குள் ஊடுருவிப் போகிற மருந்து கழுவினாலும் போகாது. அதற்கு ஒரே வழி, மருந்தடித்து அறுவடைக்கு இத்தனை நாள் பொறுக்க வேண்டும் என்று லேபிளில் போட்டிருப்பதை விளைவிக்கிறவர் மதிப்பதுதான். காலையில் கத்தரிக்காய்க்கு அடித்துவிட்டு சாயங்காலம் பாவூர்சத்திரம் மார்க்கெட்டுக்கு மூட்டை கட்டினால் சாப்பிடுகிற வீட்டில் என்ன கழுவியும் பிரயோஜனம் இல்லை.

அமெரிக்காவில் சியாட்டில் பக்கம் 23 பிள்ளைகளுக்கு ஐந்து நாள் மட்டும் மருந்தில்லாத சாப்பாடு கொடுத்துப் பார்த்தார்கள். சிறுநீரில் மாலத்தியான் (அதுவும் ஆர்கனோபாஸ்பேட்தான்), குளோர்பைரிபாஸ் கழிவு உடனே கண்டுபிடிக்க முடியாத அளவுக்குக் குறைந்துவிட்டது, பழைய சாப்பாட்டுக்குத் திரும்பியதும் மறுபடி வந்துவிட்டது. வாசலில் இரண்டு கத்தரிச் செடி, ஒரு வெண்டை, ஒரு முருங்கை நின்றால் அதுவும் பிள்ளைக்குச் செய்கிற பெரிய உதவிதான்.

பேனுக்கு வயல் மருந்து தடவலாமா? கொசுவர்த்தி?

வயல் மருந்தைத் தலையில் தேய்த்துப் பிள்ளைகள் உயிரை விட்டதுண்டு. ஒருபோதும் வேண்டாம். ஈருவலியும் பொறுமையும் போதும், இல்லையென்றால் ஆஸ்பத்திரியில் பேன் மருந்து தருவார்கள். கரப்பானுக்குக் கோடு போடுகிற சாக்பீஸைப் பிள்ளை சிலேட்டுக் குச்சி என்று வாயில் வைத்துவிடும், வீட்டில் வைக்காதீர்கள். கொசுவர்த்தி, திரவம் எல்லாம் பைரித்ராய்டு என்கிற இன்னொரு வகைப் பூச்சி மருந்து, அதுவும் கர்ப்பிணிக்கும் கைப்பிள்ளைக்கும் குறைத்துக்கொள்வது நல்லது. கொசுவலையை விடச் சிறந்தது இன்னும் வரவில்லை.

சரி, மருந்தே அடிக்காமல் விவசாயம் பார்க்க முடியுமா? நடக்கிற காரியத்தைச் சொல்லுங்கள்.

ஒரே நாளில் நிறுத்தச் சொல்லவில்லை. நிறைய மருந்து தேவையில்லாமல் அடிக்கிறோம், அதை நிறுத்தினாலே பெரிய விஷயம்.

நெல்லில், நட்டு முதல் முப்பது நாள் இலையைச் சுருட்டுகிற புழுவைப் பார்த்துப் பயந்து அடிக்கிற மருந்தால் மகசூல் கூடுவதில்லை. அந்த வயதில் பயிர் புதுத் தூர் விட்டுச் சரிக்கட்டிக்கொள்ளும். ஆனால் அந்த மருந்தில் சிலந்தியும் மற்ற நன்மை செய்யும் பூச்சிகளும் செத்து, பிற்பாடு புகையான் என்கிற சாறு உறிஞ்சும் பூச்சி வந்து உட்காருகிறது. நம்ம பக்கம் புகையானால் வயல் வட்டம் வட்டமாகக் கருகினதைப் பார்க்காத விவசாயி இருக்க மாட்டார். இந்தோனேசியாவில் இதே கதைதான், 1986-ல் நெல்லுக்கு 57 மருந்துகளை ஒரேயடியாகத் தடை செய்து, விவசாயிகளுக்கு வயலிலேயே பூச்சி பார்க்கச் சொல்லிக் கொடுத்தார்கள், நெல் விளைச்சல் விழுந்துவிடவில்லை.

வரப்பில் உளுந்தோ தட்டைப்பயறோ போடுங்கள், நன்மைப் பூச்சிக்கு அது வீடு. விளக்குப் பொறி, இனக்கவர்ச்சிப் பொறி, பறவை உட்காரக் குச்சி, இவை எல்லாம் செலவு குறைவு. வேப்பங்கொட்டைப் பருப்பு ஐந்து கிலோவை இடித்து ராத்திரி ஊறவைத்து, வடிகட்டி நூறு லிட்டராக்கிக் கொஞ்சம் சோப்புக் கரைசல் சேர்த்து அடிக்கலாம். வாழையில் காய்ந்த இலையை அறுத்துத் தோட்டத்தைச் சுத்தமாக வைத்து, அறுத்த தண்டை நீளவாக்கில் பிளந்து அங்கங்கே போட்டால் கூன்வண்டு அதில் வந்து அடையும், பொறுக்கி அழிக்கலாம். சந்தேகத்துக்கு அம்பாசமுத்திரத்தில் நெல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது, கிள்ளிகுளத்தில் வேளாண்மைக் கல்லூரி இருக்கிறது, பூச்சியைப் பாட்டிலில் பிடித்துக்கொண்டு போய்க் காட்டுங்கள். மருந்து விற்கிற கடையில் மட்டும் ஆலோசனை கேட்டால் மருந்துதான் பதிலாக வரும்.

பிள்ளை மேல் மருந்து கொட்டிவிட்டது, இல்லை குடித்துவிட்டது. உடனே என்ன செய்ய?

108-க்கு அடியுங்கள். துணியைக் கழற்றிச் சோப்புப் போட்டு நிறையத் தண்ணீரில் கழுவுங்கள், கண்ணில் பட்டால் கால் மணி நேரம் சுத்தத் தண்ணீர் விட்டுக்கொண்டே இருங்கள். கழுவுகிறவர் கையிலும் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். புளிக்கரைசல், உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள், மூச்சுக்குழாயில் போய்விடும். வாந்தி, எச்சில் ஒழுகல், வேர்வை, கண்மணி ஊசிமுனை மாதிரி சுருங்குவது, மூச்சு முட்டல் எல்லாம் அறிகுறி, சின்னப் பிள்ளைக்கு இவை எதுவும் இல்லாமல் அயர்ந்து தூங்குவதும் வலிப்பும் மட்டும்கூட வரலாம். மருந்து டப்பாவைக் கையோடு கொண்டு போங்கள், லேபிளைப் பார்த்தால் டாக்டர் அட்ரோபின் என்கிற முறிவு மருந்து போடுவதா என்று உடனே முடிவெடுக்க முடியும்.

பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்து வயலில் வகுப்பு நடக்கும்போதே அடிக்கிறார்கள். யாரிடம் சொல்ல?

முதலில் அந்த அண்ணாச்சியிடமே போய்ச் சொல்லுங்கள். அவர் பேரனோ பேத்தியோ அதே பள்ளியில் படித்துக்கொண்டிருக்கும். சனி, ஞாயிறு, இல்லையென்றால் வெள்ளெனக் காற்று அசையாத நேரம் பார்த்து அடித்துக்கொள்ளச் சொன்னால் பெரும்பாலும் கேட்பார்கள். மேல்காற்று வீசுகிற மாதங்களில் அடிப்பதே வீண், பாதி மருந்து பக்கத்து விளைக்குத்தான் போகும், அவருக்கும் காசு நஷ்டம். கேட்கவில்லை என்றால் தலைமையாசிரியர் மூலம் வேளாண்மை உதவி அலுவலருக்கு எழுதிக் கொடுங்கள், கிராம சபையிலும் ஒரு தீர்மானமாகக் கொண்டுவரலாம்: பள்ளி, அங்கன்வாடியைச் சுற்றியுள்ள வயல்களில் வகுப்பு நேரத்தில் மருந்தடிப்பதில்லை, அடிக்கிற முதல் நாளே பள்ளிக்குச் சொல்லிவிடுவது என்று. இப்போது டிரோன் வைத்து அடிக்கிறவர்களுக்கும் அதே தீர்மானத்தில் ஒரு வரி சேருங்கள், உயரத்தில் இருந்து விழுகிற சாரல் இன்னும் தூரம் போகும். அன்றைக்கு அந்தப் பக்கத்து ஜன்னலைச் சாத்தி, பிள்ளைகளை உள்ளே வைத்து, சத்துணவுச் சட்டிகளையும் தண்ணீர்த் தொட்டியையும் மூடி வைத்தால் போதும்.